அருகிருத்திய அண்ணன்

மேனாட்டு மாண்டலினில் நம் கருநாடக இசை ஏறுமோ என ஐயுற்றோர் பலர். ஐயத்திற்குக் காரணமும் உண்டு. மீட்டிய ஒலி அதில் விரைந்து தேயும். கமகமோ சுரத்தினின்று சுரத்திற்கு அறுபடாது இழைந்து செல்வது.

ஆந்திரத்துப் பாலக்கொல்லு என்னும் ஊரில் 1969இல் பிறந்த ஸ்ரீநிவாஸ் அவ்வையத்தைத் தம் சிறுவிரல்களால் தீர்த்தார். அவருடைய ஆசிரியர் ருத்ரராஜு சுப்பராஜு மாண்டலின் வாசிக்க அறியார். அவர் பாடுவார், சிறுவன் அதனைக் கம்பியிலே தேடிப் பிடிப்பான். கருவியும் மாறியது. நான்கு இரட்டைக் கம்பிகள் இருந்த இடத்தில் ஐந்து ஒற்றைக் கம்பிகள். ஒலி நீளும்பொருட்டு மின்னிணைப்பு. 1978இல் குடிவாடாவில் அரங்கேறியபோது அவருக்கு அகவை ஒன்பது.

வியப்பு இம்மட்டில் நிற்க. யான் பெரிதும் மதிப்பது வேறொன்று. தம்பி ராஜேஷுக்கு அவரே குருவானார். பின்னர் அத்தம்பியை மேடையிலே தம் அருகிருத்தி உடன் வாசித்தார். புகழ் பெற்றவர்க்கு இது எளிதன்று. 2014இல், 45ஆம் அகவையில், அண்ணன் மறைந்தார். தம்பியின் மாண்டலின் இன்றும் ஒலிக்கின்றது.

நம்மூர் அண்ணன்மார் பலர், தங்கை வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையிலே தேறும்வரை வீணைக்குத் தந்தி வாங்கிக் கொடுப்பர். தராதரப் பத்திரம் கைக்கு வந்ததும் வீணை உறைக்குள் உறங்கும். (பாடப்புத்தகத்துக்கு விலை கேளாதவர், தந்திக்குக் கணக்குப் பார்ப்பதும் உண்டு.) மாலையில் ஒருமணி நேரம், அடுப்படி வேலையின்றி, அப்பிள்ளை சாதகம் செய்ய இடங்கொடுத்தனரா? ஒருநாளேனும் அருகிருந்து தாளம் போட்டனரா? தாளம் தவறினும் குற்றமில்லை, தங்கை திருத்துவாள்.