ஆடிக் கூழுக்கு இரண்டு நாள் காத்திருப்பு!

ஆடி பிறந்துவிட்டால் வட சென்னை சாத்தாங்காட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே கேள்விதான்: "அம்மா, நம்ம கோயில்ல எப்போ கூழ் ஊத்துவாங்க?"

ஜெர்மனியின் மியூனிக் நகரிலும் இப்படித்தான் ஒரு விழாவுக்குக் காத்திருக்கிறார்கள். அது பீர் திருவிழா. 1810-ல் ஓர் இளவரசரின் திருமணத்தில் தொடங்கியது. 2024-ல் 60 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். ஒரு குவளை ஒரு லிட்டர். காசு கொடுத்தால்தான் குவளை!

பீரும் தானியம் புளித்துப் பிறப்பதே, கூழும் அப்படியே. பீரில் போதை ஏறும். கூழில் புளிப்பு மட்டுமே ஏறும். தயிரைப் புளிக்க வைக்கும் வகை நுண்ணுயிர்களின் வேலை அது.

அவசரம் உதவாது

வெள்ளி இரவு கேழ்வரகு மாவைக் கரைத்து வைப்பார்கள். சனிக்கிழமை நொய்யை வேக வைத்து, புளித்த மாவை ஊற்றிக் கிண்டுவார்கள். ஞாயிறு காலை மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைப்பார்கள். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. அம்மனுக்குப் படைத்ததும் வார்ப்பார்கள்.

மாவும் அரிசியும் வீடு வீடாகச் சேர்த்தவை. கொடுத்த வீட்டுக்கும் கூழ் உண்டு. கொடுக்க முடியாத வீட்டுக்கும் உண்டு. பாத்திரத்தோடு வரிசையில் நின்றால் போதும்.

"நீ என்ன கொடுத்தாய்?" என்று அங்கே யாரும் கேட்பதில்லை!