வேடம் புனைந்த வைரசு

சென்ற மாரிகாலத்தில் ஒருநாள் மாலை, கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் வைத்து அயல்வீட்டுப் பையனை நாய் கடித்துவிட்டது. புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவுவித்து, உடனே ஆசுபத்திரிக்கு அனுப்பினேன். ஊசிகள் ஒழுங்காகப் போடப்பட்டன. ஆயினும் தாயின் மனம் ஆறவில்லை.

"ஊசியெல்லாம் போட்டாச்சு மாஸ்டர். ஆனால் பிள்ளையின்ரை உடம்புக்குள்ளை பாதுகாப்பு வந்திட்டுது எண்டு எப்பிடி அறியிறது?" என்று கேட்டார்.

விசர்நாய்க்கடி நோய் வெளிப்பட்டபின் பிழைப்போர் மிக அரியர். ஆதலால் அக்கேள்வியை இலேசாகத் தள்ளிவிட என்னால் இயலவில்லை. வைத்தியர் குறித்த நாட்களில் தவறாது ஊசி போட்டாற் போதும், எல்லோருக்கும் குருதிச் சோதனை வேண்டியதில்லை என்று தேற்றி அனுப்பினேன். ஆனால் புதிய தடுப்பூசியை ஆராய்வோரும் அதே கேள்வியைத்தானே கேட்கிறார்கள்? அவர்கள் எவ்வாறு விடை காண்கிறார்கள்?

அதற்குப் பழைய வழியொன்று உண்டு. ஊசி பெற்றவரின் குருதிநீரை உயிருள்ள விசர்நோய் வைரசுடன் கலந்து, அக்கலவையை உயிர்க்கலங்களின்மேல் விட்டு, வைரசு அடங்குகின்றதா என்று பார்ப்பார்கள். மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகு பிறபொருளெதிரி இருப்பின் ஊசி பயன் தந்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஆனால் அக்கொடிய வைரசைக் கையாளப் பலத்த காப்புடைய ஆய்வுகூடம் வேண்டும். நோய் மிகுந்த வறிய நாடுகளிலோ அத்தகைய கூடங்கள் அரியவை.

இங்கேதான் வேடம் புனைந்த வைரசு துணைக்கு வருகின்றது. அதை விளக்க எங்கள் ஊர்ச் சுருட்டே போதும். என் பாட்டனார் சுருட்டுக் கொட்டிலிற் பணிபுரிந்தவர். சுருட்டின் உள்ளே ஒருவகைப் புகையிலை இருக்கும். மேலே சுற்றுவதற்கு வேறு நல்ல இலையைத் தெரிந்தெடுப்பார். வாங்குபவர் கண்ணிற் படுவது மேலிலை மாத்திரமே. உயிர்க்கலமும் அவ்வாறே வைரசின் மேற்புரதத்தைக் கண்டுதான் வாயில் திறக்கின்றது.

ஒரு வைரசின் உட்பகுதிக்கு மற்றொன்றின் மேற்புரதத்தைப் போர்த்தலாம் என்று காட்டியவர்களுள் யான் சாவடா ஒருவர். கால்நடைகளின் வாயிற் கொப்புளம் உண்டாக்கும் ஒரு வைரசைக்கொண்டு 1972இல் அவர் அதை வெளியிட்டார். 2008இல் எட்வேட் றைற், நைஜெல் தெம்பர்ட்டன் முதலியோர், பெருகும் ஆற்றல் நீக்கப்பெற்ற வைரசுக் கூட்டுக்கு விசர்நோய் வைரசின் மேற்புரதத்தைப் போர்த்துச் சோதித்தனர்.

இத்தகைய கூட்டினுள் மின்மினிப் பூச்சியின் ஒளிதரும் பரம்பரையலகை வைப்பதுண்டு. கூடு கலத்தினுள் புகுந்தால் கலம் ஒளிரும். ஆனால் அங்கிருந்து புதிய வைரசு பிறவாது. குருதிநீரிற் பிறபொருளெதிரி மிகுந்திருந்தால் கூடு புகமாட்டாது, ஒளியும் குன்றும். ஒளியை அளந்தால் பாதுகாப்பை அளந்தவாறாயிற்று. இம்முறையின் முடிவுகள் பழைய முறையின் முடிவுகளோடு நன்கு ஒத்திருந்தன. மிகச் சிறிதளவு குருதிநீரே போதுமாகையால், ஆபிரிக்க நாடுகளின் கள ஆய்வுக்கும் இம்முறை ஏற்றதென அடுத்த ஆண்டே எழுதினர்.

நீப்பா வைரசு மனிதக் கலத்தினுள் எந்த வாயிலாற் புகுகின்றது என்பதை 2005இல் அறிந்ததும் இத்தகைய வேடத்தின் உதவியாலேயே. ஆனால் வேடத்துக்கும் எல்லை உண்டு. வாயிலிற் புகுவதை மாத்திரமே அது காட்டும். உள்ளே பெருகி உடலை அழிக்கும் கதையை அறிய உண்மை வைரசையே நாடவேண்டும்.

ஆடியபாதம் வீதியில் மருத்துவபீட மாணவரைக் காணும்போதெல்லாம், இவர்களுள் ஒருவரேனும் இக்கலையைக் கற்று வருவாரா என்று எண்ணிக்கொள்வேன். அயல்வீட்டுத் தாய்க்கு இவையனைத்தையும் ஒருநாள் சுருட்டைக் காட்டியே சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், "அப்ப அந்த ஒளி என்ரை பிள்ளையின்ரை இரத்தத்திலை மங்கியிருக்கும் எண்டு நம்புறன் மாஸ்டர்" என்றார். பையன் முற்றத்திற் பந்தடித்துக்கொண்டிருந்தான்.