கடும் பயிற்சியும் அரைப் பட்டினியும்: கொழுப்பைக் குறைக்க நினைப்போர் கவனத்திற்கு

எமது ஊர்களில் அண்மைக் காலமாக ஒரு நல்ல மாற்றம் தென்படுகிறது. சுபஹுத் தொழுகை முடிந்ததும் நடப்பவர்களும் ஓடுபவர்களும் கூடியிருக்கிறார்கள். சிறிய ஊர்களிலும் ஜிம்கள் திறக்கப்பட்டுள்ளன. நீரிழிவு மாத்திரை இல்லாத வீடு அரிதாகிவிட்ட நிலையில் இது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் மாலை நேரங்களில் இளைஞர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவன் என்ற வகையில், அடிக்கடி காணும் ஒரு விடயத்தைப் பேச வேண்டியிருக்கிறது.

இரண்டு மாதத்தில் கல்யாணம் என்று ஒருவர் வருவார். முதல் நாளிலிருந்தே இரண்டு மணித்தியாலப் பயிற்சி. காலைச் சாப்பாடு இல்லை, இரவில் சோறும் இல்லை. முதல் வாரம் மூன்று கிலோ குறையும். மூன்றாம் வாரம் தராசு அசையாது. உடல் களைத்து, நித்திரையும் கெட்டு, ஒரு நாள் இரவு கொத்துக் கடையில் விரதம் முறியும். அதன் பிறகு ஆளைக் காண முடியாது. இவர்களைச் சோம்பேறிகள் என்பது அநியாயம். முயற்சியில் குறையில்லை, கணக்கில்தான் பிழை.

முதல் வாரத்தில் குறைவது பெரும்பாலும் கொழுப்பு அல்ல, நீர். தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் மாச்சத்து சேமிக்கப்பட்டுள்ளது. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் நீர் சேர்ந்திருக்கும். சோற்றை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து வெளியேறும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் இருப்பதோ சுமார் 7,700 கலோரி. அது ஒரு வாரத்தில் கரைந்துவிடாது.

பயிற்சியால் மட்டும் அதைக் கரைப்பதும் கடினம். 80 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீற்றர் ஓடினால் செலவாவது சுமார் 400 கலோரி. இரண்டு பராட்டாவும் கறியும் சாப்பிட்டால் அது திரும்ப வந்துவிடும். நாளுக்கு ஐந்து கோப்பைத் தேநீரில் மும்மூன்று தேக்கரண்டி சீனி போட்டால் அது மட்டுமே 240 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. ஆகவே கொழுப்பு குறைவது முதலில் சாப்பாட்டுத் தட்டில்தான்.

அப்படியானால் பயிற்சி எதற்கு? தசையைக் காப்பதற்கு. உணவு குறையும்போது உடல் கொழுப்பை மட்டும் எரிப்பதில்லை, தசையையும் கரைக்கிறது. பாரம் தூக்கும் பயிற்சியும் போதிய புரதமும் இருந்தால் தசை பெருமளவு தப்பிக்கும். ஆனால் பயிற்சியையும் பட்டினியையும் ஒரே நேரத்தில் உச்சத்திற்குக் கொண்டுபோனால் உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும்.

அமெரிக்காவின் 'த பிக்கெஸ்ட் லூசர்' தொலைக்காட்சிப் போட்டியில் பங்குபற்றிய 14 பேரைப் பற்றிய ஆய்வொன்று 2016இல் வெளியானது. 30 வாரங்களில் கடும் பயிற்சியாலும் குறைந்த உணவாலும் சராசரியாக 58 கிலோ இழந்தவர்கள் அவர்கள். ஆறு வருடங்களின் பின் அதில் சுமார் 41 கிலோ திரும்பியிருந்தது. அத்துடன், ஓய்வில் அவர்களின் உடல் எரிக்கும் சக்தி எதிர்பார்த்ததை விட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. அவர்கள் சென்றது உச்ச எல்லை. எனினும் திசை எமக்கும் பாடமே.

அப்படியென்றால் என்ன செய்யலாம்?

உணவில் நாளுக்கு 300 முதல் 500 கலோரி வரை மட்டும் குறையுங்கள். 500 குறைத்தால் வாரத்திற்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். மெதுவாகத் தோன்றினாலும், மூன்று மாதத்தில் ஐந்து கிலோ.

கடும் பயிற்சி வாரத்தில் மூன்று நாட்கள் போதும். மற்ற நாட்களில் வேகமாக நடக்கலாம். பயிற்சி நாளில் சோற்றை நிறுத்த வேண்டாம், பயிற்சிக்கு முன்னும் பின்னுமுள்ள வேளைகளில் அளவாக எடுங்கள். ஓய்வு நாளில் அதில் பாதியைக் குறைத்து மரக்கறியைக் கூட்டுங்கள்.

உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம் புரதம் தேவை. 70 கிலோ எடையுள்ளவருக்கு இது 84 முதல் 112 கிராம். இதற்கு விலை கூடிய புரத மா கட்டாயமில்லை. காலையில் இரண்டு முட்டை, பகலில் 100 கிராம் மீன், மாலையில் ஒரு கோப்பை அவித்த கடலை, இரவில் 100 கிராம் கோழி இறைச்சி. இவையே 75 கிராமைத் தாண்டும். மீதியைச் சோறும் பருப்பும் தரும். சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

கல்யாண வீட்டுச் சஹனுக்கும் பயப்பட வேண்டாம். வாரத்தில் ஒரு வேளை உணவு திட்டத்தைக் குலைக்காது. அதற்குத் தண்டனையாக மறுநாள் முழுவதும் பட்டினி கிடந்து ஓடுவதுதான் குலைக்கும். சுன்னத்தான நோன்பு பிடிக்கும் நாட்களில் கடும் பயிற்சியை இப்தாருக்குப் பின் வையுங்கள், அல்லது அன்று ஓய்வெடுங்கள். நீரின்றிப் பகல் வெயிலில் ஓடுவதால் கொழுப்பு கூடுதலாகக் கரையப்போவதில்லை.

சில அறிகுறிகளை அலட்சியம் செய்யாதீர்கள். எழும்பும்போது தலைசுற்றுவது, தூக்கிய பாரத்தைத் தூக்க முடியாமல் போவது, நித்திரையின்மை, காரணமில்லாத எரிச்சல், பெண்களுக்கு மாதவிடாய் தவறுவது ஆகியவை உடலுக்கு உணவு போதவில்லை என்பதைக் காட்டலாம். அப்போது பயிற்சியைக் குறைத்து உணவைச் சற்றுக் கூட்டுங்கள். மாதவிடாய் தொடர்ந்து தவறினால் வைத்தியரைக் காணுங்கள்.

இன்சுலின் போடுவோரும் நீரிழிவு மாத்திரை எடுப்போரும் வைத்தியரின் ஆலோசனையின்றி உணவைக் குறைத்துக் கடும் பயிற்சியில் இறங்கவே கூடாது. இரத்தத்தில் சீனி திடீரெனத் தாழ்ந்தால் நடுக்கமும் வியர்வையும் மயக்கமும் வரும். உயிராபத்தும் ஏற்படலாம். சட்டைப் பையில் சில பேரீச்சம்பழங்களையாவது வைத்திருங்கள்.

புதிதாகத் தொடங்க வருபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இப்போது ஆரம்பிக்கும் இந்த முறையை அடுத்த றமழானிலும் தொடர முடியுமா? முடியாது என்றால், அதைப் பாதியாகக் குறைத்து இன்றே ஆரம்பியுங்கள்.