இரண்டு தேதி, பதினேழு மணி நேரம்!

“சனிக்கிழமை ராத்திரி ஏறினவ திங்கட்கிழமை விடியக்காலம்தான் வந்து இறங்கறாளாம். அத்தனை நேரமுமா ஆகாயத்திலேயே இருப்பா?”

பெண்ணோ பிள்ளையோ அமெரிக்காவில் இருக்கிற வீடுகளில் இந்தக் கேள்வி சகஜம். ஒரு நிஜ விமானத்தையே பார்ப்போமே.

2021 ஜனவரி 9, சனிக்கிழமை இரவு, ஸான் ஃப்ரான்ஸிஸ்கோவிலிருந்து ஏர் இந்தியா விமானம் ஒன்று பெங்களூருக்குக் கிளம்பியது. தலைமை விமானி ஜோயா அகர்வால். அவரோடு விமானம் ஓட்டியவர்களும் பெண்களே! வட துருவத்தை ஒட்டிப் பறந்து, 11-ம் தேதி விடியற்காலை இறங்கினார்கள்.

இரு ஊர்களுக்கும் இடையே சுமார் 14,000 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் பத்துத் தடவை போய்வருகிற தூரம். ஏன் துருவம் வழியாக? குழந்தைகளின் பூமி உருண்டையில் இரண்டு ஊருக்கும் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாகவே வடக்கே ஏறும். அதுதான் குறுக்கு வழி.

தேதி இரண்டு தாண்டினாலும் பறந்தது என்னவோ சுமார் 17 மணி நேரம்தான். பனிக்காலத்தில் அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிடப் பதின்மூன்றரை மணி பின்தங்கி ஓடுகிறது. கோடையில் பன்னிரண்டரை. இங்கிருந்து போகும்போது நேர்மாறு. கிளம்பின தேதியிலேயே அங்கே போய் இறங்கிவிடலாம்!

வேடிக்கையாக இருந்தாலும் சர்க்கரை, ரத்த அழுத்தத்திற்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் இங்கேதான் ஜாக்கிரதையாக இருக்கணும். ‘தேதி மாறவில்லையே’ என்று ஒரு வேளை மருந்தை விட்டுவிடுவதும், ‘இரண்டு நாளாச்சே’ என்று கூடுதலாகப் போட்டுக்கொள்வதும் ஆபத்து. உடம்புக்குத் தேதி தெரியாது, மணிக்கணக்குதான் தெரியும். டிக்கெட் வாங்கியதும் அதை டாக்டரிடம் காட்டி, எந்த மருந்து எத்தனை மணிக்கு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் விமானம் மாறுவதானால் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்சுலினும் மாத்திரைகளும் டாக்டர் சீட்டோடு கைப்பையில்தான் இருக்கணும். பெட்டியில் போட்டால், பெட்டி வராமல் போனால் என்ன செய்வது? சரக்கு அறைக் குளிரில் இன்சுலின் உறைந்து கெட்டுப்போகவும் கூடும்.

அடுத்தது கால்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால், சிலருக்குக் கால் நரம்பில் ரத்தம் கட்டிக்கொள்ளும். “பக்கத்துல இருக்கறவங்களை எப்படி எழுப்பறது?” என்று நம் பெண்கள் கூச்சப்பட்டு உட்கார்ந்தே இருப்பார்கள். கூச்சமே வேண்டாம். மணிக்கொரு தரம் எழுந்து நடங்கள். உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். கர்ப்பிணிகளும், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்களும் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது.

ஊர் போய்ச் சேர்ந்து சில நாள் கழித்துக்கூட, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ கண்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது.

கைக்குழந்தையோடு போகிறவர்களே, விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தைக்குப் பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது அடைப்பு விடும், அழுகையும் அடங்கும்.

சுகமாகப் போய் வாருங்கள்!