சல்மனும் கடற்பேனும்

ஊரில் சல்மன் என்றால் எமக்கு ரின் மீன்தான். முழுச் சல்மனை நாம் கண்டது லண்டனுக்கு வந்த பின்னரே. இன்று ரூற்றிங்கிலும் ஈஸ்ற்ஹாமிலும் வாங்கி வந்து, தூளும் புளியும் சேர்த்துக் குழம்பு வைக்கப் பழகிவிட்டோம். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று நம்மில் பலர் கேட்பதில்லை.

இங்கு கடைகளில் விற்கப்படும் அத்திலாந்திக் சல்மன் அநேகமாக முழுவதும் பண்ணை மீனே. ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையிலும் தீவுகளிலும் கடலில் வலைக்கூடுகள் அமைத்து இதனை வளர்க்கிறார்கள். 2023 இல் மட்டும் அங்கு சுமார் ஒன்றரை இலட்சம் தொன் சல்மன் உற்பத்தியானது.

இப் பண்ணைகளின் பெருந்தொல்லை கடற்பேன். மீனின் மேலே ஒட்டிக்கொண்டு சளியையும் தோலையும் இரத்தத்தையும் தின்னும் சிறு உயிரினம் இது. பண்ணைகள் வருமுன்னரும் கடலில் பேன் இருந்தது. ஆனால் இயற்கை அதனை அடக்கி வைத்திருந்தது. முட்டையிட ஆறு திரும்பும் சல்மனில் ஒட்டிய பேன் நன்னீரில் செத்துவிடும். குளிர்காலத்தில் கரையோரத்தில் சல்மன் குறைவு, எனவே பேனும் குறைவு. இளவேனிலில் ஆற்றிலிருந்து முதன்முதலாகக் கடலுக்கு இறங்கும் இளம் மீன்கள் பெரும்பாலும் தப்பிவிடும்.

இன்றோ கூடுகளில் ஆண்டு முழுவதும் மீன் நிற்கிறது. பேனுக்கு மாரியிலும் விருந்துதான். ஒரு பெண் பேன் ஒரு தடவையில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இடும். குஞ்சுகள் நீரோட்டத்தில் பல மைல் மிதந்து செல்லும். அவ்வழியே வரும் இளம் சல்மன் ஒரு சாண் நீளம்கூட இல்லாதது. பத்துப் பன்னிரண்டு பேன் ஒட்டினாலே அதன் உயிருக்கு ஆபத்து.

லொக் மறீ என்னும் ஏரி கடல் ட்றவுற் மீனுக்குப் பேர்போனது. அதன் நீர் சென்று சேரும் கடற்கழியில் 1980களின் பிற்பகுதியில் சல்மன் பண்ணை அமைந்தது. அதே காலத்தில் ஏரியின் ட்றவுற் வளம் வீழ்ந்தது. பேன்தான் காரணமா என்ற வாதம் நெடுங்காலம் நடந்தது.

பேன் மட்டுமே குற்றவாளி அல்ல. சூடேறும் கடல், மாசடைந்த ஆறுகள், அணைகள் எல்லாம் சேர்ந்தே காட்டுச் சல்மனைக் குறைத்தன. 2023 டிசம்பரில் பிரித்தானியாவின் சல்மன், அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. 2024 முதல் ஸ்கொட்லாந்தின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம், காட்டு மீன்களைக் காக்கவெனப் பண்ணைப் பேன்களைக் கட்டுப்படுத்தும் விதிகளை நடைமுறைப்படுத்தி வருகிறது.

இந்தப் பேன் மனிதரில் ஒட்டாது. எனவே சமைத்து உண்பதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பெட்டியில் ஒட்டியுள்ள சீட்டைப் பாருங்கள். பண்ணையில் வளர்ந்ததா, கடலில் பிடித்ததா, எந்த நாட்டது என்று அதில் இருக்கும். கடைக்காரரிடமும் கேளுங்கள். வாங்குவோர் கேட்டால்தான் விற்போரும் பண்ணைக்காரரைக் கேட்பர். குஞ்சு மீனை அழித்தால் நாளை வலை வெறுமையாகும் என்பதை எமது கரையோர மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த நாட்டுக் கடலுக்கும் அது பொருந்தும்.