நிற்பவரும் விற்பவரும்

விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் சங்கக் குடும்பங்கள் தவறாமல் ஏறி இறங்கும் இடம் ஜவுளிக்கடை. கலியாணப் புடைவையைத் தியாகராய நகரிலோ சொந்த ஊர்க் கடைத்தெருவிலோ எடுத்தால்தான் நமக்கு மனம் நிறைகிறது. நாம் முக்காலியில் அமர்ந்து பார்க்கிறோம். எடுத்துப் போடும் பெண்மணியோ காலை முதல் நின்றுகொண்டே இருக்கிறார்.

காலையில் இருபது புடைவைகளைச் சலிக்காமல் விரித்துக் காட்டியவர், மாலையில் நான்கோடு நிறுத்திவிடுகிறார். நாமும் முகம் சுளித்து அடுத்த கடைக்குப் போய்விடுகிறோம். குறை அவருடைய மனத்தில் இல்லை, காலில் இருக்கிறது. ரயில் நிலையத்தில் நாற்காலியில் அமர்ந்து பயணச் சீட்டுக் கொடுக்கும் நமக்கே மாலையில் குரல் கடுமையாகிவிடுகிறது. பத்து மணி நேரம் நிற்பவரிடம் புன்னகையை எதிர்பார்ப்பது எவ்வாறு நியாயமாகும்?

இக்கேள்வியை உரக்க எழுப்பியவர்கள் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் விற்பனைப் பெண்கள். 'பெண்கூட்டு' என்னும் அமைப்பாகத் திரண்டு, விஜி என்ற தையற்காரப் பெண்மணியின் தலைமையில் அவர்கள் போராடினர். அதன் பயனாக, 2018-ஆம் ஆண்டு கேரள அரசு கடைச் சட்டத்தைத் திருத்தி, ஊழியருக்கு இருக்கை தரவேண்டுமென விதித்தது. தமிழ்நாடும் 2021-ஆம் ஆண்டில் தனது 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் அத்தகைய பிரிவைச் சேர்த்தது. வேலையைவிட்டு நாள் முழுதும் அமர்ந்திருக்க அச்சட்டம் சொல்லவில்லை. வேலைக்கிடையே வாய்ப்பு நேரும்போது உட்கார வசதி இருக்கவேண்டும் என்றே சொல்கிறது.

"ஊழியர் உட்கார்ந்திருந்தால் கடை களையிழந்து தோன்றும்" என்பர் சில முதலாளிகள். கூட்டமில்லாத வேளையில் கால்மணி நேரம் இளைப்பாறியவரே கூட்டம் வரும்போது சுறுசுறுப்பாக எழுந்து நிற்பார். வாடிக்கையாளர் திரும்பி வருவதும் வராததும் அவர் முகத்தைப் பொறுத்தது. முதலாளியை நாம் காண்பதேயில்லை. நமக்குக் கடை என்பது அந்த ஊழியர்தான். ஆதலால் இருக்கைக்கான செலவு தருமமன்று, வியாபாரத்தில் இடும் முதலே.

நம் சங்கத்தாரிலும் கடை வைத்திருப்போர் உளர். கடைகளில் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பியிருப்போரும் உளர். கடைக்காரர்கள் இன்றே ஒரு முக்காலி வாங்கிப் போடட்டும். வாங்கச் செல்லும் நாமும், "சற்று உட்காருங்கள் அம்மா, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்வோமாக. அதற்குச் சட்டம் தேவையில்லை.