கோடரியால் வெட்டும் கல்

லத்தீனில் 'லாத்துஸ்' என்றால் பக்கம், 'லாத்தெர்' என்றால் செங்கல். இரண்டும் தனித்தனிச் சொற்கள். ஆனால் ஆறாம் வேற்றுமையில் இரண்டுமே 'லாத்தெரிஸ்' ஆகிவிடும். இடம் பார்த்துத்தான் பொருள் பிரிக்க வேண்டும்.

பக்கம் என்ற சொல்லுக்கு வாரிசுகள் ஏராளம். இரு நாட்டு ஒப்பந்தத்தை 'பைலேட்டரல்' என்பதும், வங்கியில் கடனுக்குப் பக்கத்துணையாக வைக்கும் சொத்தை 'கொலாட்டரல்' என்பதும் அந்த வழி வந்தவை. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் பரவளையத்தின் செவ்வகலம் என்று படிக்கிறோமே, அதன் லத்தீன் பெயரிலும் இதே லாத்துஸ்தான்.

செங்கல்லின் வாரிசுகள் சொற்பம். அவற்றில் உலகப் புகழ் பெற்ற ஒன்று பிறந்தது கேரளத்தில். சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடம், மலபார் என்று சுற்றிய பிரான்சிஸ் புக்கானன், அங்காடிப்புரம் பக்கம் ஒரு விசித்திரமான பாறையைப் பார்த்தார். மண்ணுக்குள் இருக்கும்வரை இரும்புக் கருவிக்கு எளிதில் இடம் கொடுக்கிறது. கோடரியால் சதுரமாக வெட்டி எடுத்து வெளியில் போட்டால் செங்கல்போல் இறுகிவிடுகிறது. மழையையும் காற்றையும் இங்கே அவர் கண்ட செங்கற்களைவிட நன்றாகவே தாங்குகிறது. மலையாளிகள் அதை வெட்டுக்கல் என்பார்கள். 1807இல் வந்த பயண நூலில் அவர் அதற்கு 'லேட்டரைட்' என்று பெயரிட்டார்.

அந்தக் குணம் எப்படி வந்தது? வெப்பமும் கனமழையும் மாறி மாறித் தாக்கும் நிலத்தில், ஊறி இறங்கும் நீர் பாறையிலுள்ள சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றையும் சிலிக்காவில் பெரும்பகுதியையும் கரைத்துக்கொண்டு போய்விடும். எளிதில் கரையாத இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் தங்கிவிடும். சிவப்பு நிறம் இரும்பு கொடுத்தது. ஈரம் இருக்கும்வரை கல் இளக்கமாக இருக்கும். வெட்டி எடுத்ததும் ஈரம் வற்றி, இரும்பு ஆக்சைடுகள் படிகமாகித் துகள்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். அதன்பின் எத்தனை மழை நனைத்தாலும் பழைய இளக்கம் திரும்புவதில்லை. சூளையே இல்லாமல் கிடைக்கும் இந்த உறுதியை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

காசர்கோடு கடலோரத்துப் பேக்கல் கோட்டையை எழுப்பியவர்கள் இந்தக் கல்லை நம்பித்தான் கட்டினார்கள். கம்போடியாவில் அங்கோர் கோயில்களின் அடித்தளங்களிலும் மதில்களிலும் இதே வகைக் கல்தான். அங்காடிப்புரத்தில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருப்பதும் இந்த வெட்டுக்கல்லைத்தான்.